பன்னிரண்டாவது கேள்வி

ஹலோ... ஹலோ... கேக்குதா? ... இரு, இரு, ஜன்னல் பக்கம் வந்துடறேன். கட்டில்கிட்ட நின்னா பாதி வார்த்தைதான் வருது... ம், இப்பச் சொல்லு... ஆமா, அப்பாதான். வேற யாரு எடுப்பா? இந்த ரூம்ல நான் ஒருத்தன்தான இருக்கேன்.

இல்லடா, தூங்கல... நிஜமா தூங்கல. நாலரை ஆகப்போகுதேன்னு போன கையிலயே வெச்சிட்டு உக்காந்திருந்தேன்... இருமலா? இன்னிக்கு அவ்வளவா இல்ல... போட்டாச்சு, போட்டாச்சு. பதினோரு மாத்திரை... ஆமா, ஒரே வேளையில. நடந்தா வயித்துக்குள்ள கிலுகிலுன்னு சத்தம் வரும் போல... சிரிக்காத. நர்ஸம்மா கூட அப்படித்தான் சிரிச்சாங்க. முகமூடி போட்டிருந்தாங்களா, கண்ணு மட்டும் சிரிச்சுது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வர்றதா? ... ம்... அதப் பத்தி அப்புறம் பேசலாம். நாளைக்கு அறிவியல் பரீட்சை, அத மொதல்ல பாப்போம். மாதிரி வினாத்தாள் கையில இருக்கா? ... பேனா வேணாம், பென்சில் எடு... எடுத்துட்டு வா, நான் இருக்கேன். எங்க போகப் போறேன்.

...

ம், வந்துட்டியா. எத்தன கேள்வி? ... பதினஞ்சா. சரி, நீ படி, நீயே பதில் சொல்லு. தப்பா இருந்தா மட்டும் நான் வாயத் தொறப்பேன்... ம்... ஐஸ் போட்ட கண்ணாடி டம்ளர்... வெளிப்பக்கம் நீர்த்துளி... எங்கிருந்து வந்துச்சு... சரி, எங்கிருந்து வந்துச்சு? ... கண்ணாடி வழியா கசிஞ்சு வந்துச்சா? ஏ வாண்டு, நீ யாரு பொண்ணு? ஏசி மெக்கானிக் பொண்ணு இந்தப் பதில எழுதினா என் கடைப் பலகையக் கழட்டிட வேண்டியதுதான்.

இரு, இப்படி யோசி. டம்ளர்ல தண்ணிக்குப் பதிலா சிவப்பு சர்பத் ஊத்துற. வெளியில வர்ற துளி என்ன கலர்ல இருக்கும்? ... அதான். கலரே இல்லாமத்தான இருக்கும். அப்போ உள்ள இருந்து வரல... வேற எங்கிருந்து? ... யோசி... ஏசிக்குள்ள யாராவது தண்ணி ஊத்துறோமா? ஆனா பின்னாடி குழாய்ல நாள் முழுக்க சொட்டுது. நீ கூட அன்னிக்கு என்கூட வந்தப்போ பக்கெட் வெச்சுப் புடிச்சியே... ஆ, காத்து. காத்துல தண்ணி ஆவியா திரியுது. சில்லுனு இருக்கறதத் தொட்டதும் துளியா மாறிடுது... ம், ம், அவ்வளவுதான்... அதுக்கு ஒரு பேர் இருக்கா? என்ன பேரு? ... ஆவி சுருங்குதல். சரி, அந்தப் பேரையும் எழுதணும்னு டீச்சர் சொன்னா எழுது. நான் இருபது வருஷமா அத வெச்சுத்தான் சாப்பிடறேன், பேரு இன்னிக்குத்தான் தெரியுது.

அடுத்தது... ரெண்டு ஐஸ் கட்டி. ஒண்ண கம்பளியில சுத்தி வெச்சிருக்கு, இன்னொண்ணு சும்மா தட்டுல. எது முதல்ல உருகும்... நீ சொல்லு... கம்பளியில சுத்தினதா? ஏன்? ... கம்பளி சூடு கொடுக்குமா. எல்லாரும் விழற பள்ளம் இது. கம்பளிக்குள்ள அடுப்பா இருக்கு? ... இல்லல்ல? அப்போ அது எப்படிச் சூடு கொடுக்கும்? ... போத்திக்கிட்டா உனக்குச் சூடா இருக்குதுதான். அது உன் உடம்புச் சூடுடா. அத வெளிய போக விடாம கம்பளி அடைச்சு வெக்குது. ஐஸுக்கு வெளியில இருக்கற சூட்ட உள்ள வர விடாம அடைக்கும். அது சூடு பண்ற சாமான் இல்ல, வழிய மறிக்கற சாமான்... ஆமா, நம்ம ஃப்ரிட்ஜ் சுவருக்குள்ள நுரை அடைச்சிருக்கேனே, அதே கதைதான்... அப்போ எது முதல்ல உருகும்? ... தட்டுல இருக்கறது. எழுது. காரணமும் எழுது, காரணம் இல்லாம எழுதினா பாதி மார்க்தான்.

ம்... வண்டி நகருது, எரிபொருள் குடிக்குது, புகை விடுது, அது உயிருள்ளதா இல்லையா... ம்... கரெக்ட்... வளராது, குட்டி போடாது. நம்ம வேன் பத்து வருஷமா தேஞ்சுக்கிட்டேதான் வருது, ஒரு அங்குலம் வளந்ததா தெரியல... குட்டி வேனா? போட்டா நல்லாத்தான் இருக்கும், உன்ன ஸ்கூல்ல விட ஆகும்.

ம்... ம்... நாலுல இருந்து பத்து வரைக்கும் எல்லாம் சரியாச் சொல்லிட்ட. சரி, பதினொண்ணு... விதை முளைக்க என்னென்ன வேணும். தண்ணி, காத்து, வெளிச்சம், இதமான சூடு, எது தேவையில்ல... எல்லாமே தேவைதான. வெளிச்சம் இல்லாம எப்படி... என்ன? ... மண்ணுக்குள்ள இருட்டாத்தான இருக்கும்... அட. ஆமா. விதை மண்ணுக்குள்ளதான் முளைக்குது, அங்க எங்க வெளிச்சம்... சரி, சரி, தோத்துட்டேன். முளைச்சு வெளிய வந்தப்புறம்தான் வெளிச்சமா... ம்... பாரு, எட்டாவதோட நின்ன ஆளுகிட்ட கேட்டா இதான். நல்லவேள நீ கேட்டுட்டு எழுதல.

...

இருமல் இல்ல, தொண்டைய செருமினேன்... இல்லடா. தண்ணி குடிக்கறேன், இரு.

...

ம். பேப்பர்ல இல்லாத கேள்வி ஒண்ணு நான் கேக்கறேன். ஒரு ரூமோட கதவு ஜன்னல் எல்லாம் மூடியாச்சு. உள்ள ஃப்ரிட்ஜ் கதவத் தொறந்து வெச்சுட்டோம். ரூம் குளிருமா? ... சூடுதான் ஆகும்னு போன வாரமே சொல்லிட்டியா? ... அதுக்கு முந்தின வாரமுமா? ... சரி, சரி. இங்க நாள் கணக்கே மறந்து போகுது. எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்குல்ல. கதவத் தட்டுவாங்க, தட்ட வெச்சிட்டுப் போவாங்க, அப்புறம் தட்ட எடுத்துட்டுப் போவாங்க. கீழ கார் நிறுத்தற இடத்துல எந்த கார் எத்தன மணிக்குப் போகும்னு கூட எனக்குத் தெரியும்... இல்ல, சும்மா சொன்னேன். நீ படி.

ஆமா, பக்கத்து வீட்டு ரெட்டைங்க ரெண்டும் என்ன பண்ணுதுங்க, கொஞ்ச நாளா சத்தமே கேக்கல? மொதல்லல்லாம் பின்னாடி கடமுடான்னு உருட்டுவாங்களே. அத்தை படிக்க உக்கார வெச்சுட்டாங்களா? ... நம்ம வீட்டுலயா? நீ நம்ம வீட்டுலயா இருக்க? ... யாரு கூட? ... தனியாவா? ... எப்ப இருந்து? ... மூணு வாரமாவா? ஸ்கூல் விட்டு வந்து அம்மா வர்ற வரைக்கும்... ஆறு மணி வரைக்கும் தனியாவா? நான் இத்தன நாளா நீ அவங்க வீட்டு சோபாவுல உக்காந்து பேசுறன்னு... ஏன் சொல்லல? ... அம்மா சொல்ல வேணாம்னாளா... ம்...

இல்ல, கோவம் இல்ல. உன்மேல இல்ல. அம்மா மேலயும் இல்ல... அந்த அத்தை என்ன சொன்னாங்க? ... சும்மா சொல்லு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்... ம்... ம்... பசங்களுக்குப் பரீட்சை வருது, கொஞ்ச நாள் ஆகட்டும்னா... ம்... ஸ்கூல்ல? ஒண்ணாதான உக்காருவீங்க? ... முன்னாடி பெஞ்சுக்கு மாத்திக்கிட்டாங்களா. ரெண்டு பேருமா.

உனக்கும் அம்மாவுக்கும் நெஞ்சுப் படம் எடுத்துப் பாத்து ஒண்ணும் இல்லன்னு எழுதிக் கொடுத்தாங்களே. அந்தத் தாள அம்மா அவங்ககிட்ட காட்டுனாளா? ... காட்டியுமா. சரி... சரி, விடு. பயம்மா அவங்களுக்கு. கெட்டவங்க இல்ல. உனக்குக் காய்ச்சல் வந்தப்போ அவங்கதான தூக்கிட்டு ஓடுனாங்க. பயந்துட்டாங்க, அவ்வளவுதான்.

உள்தாழ்ப்பா போட்டிருக்கியா? ... மேலயும் போடு... எட்டலன்னா கீழத மட்டும் போடு. அடுப்புகிட்ட போகாத... தெரியும், தெரியும், நீ போக மாட்ட. சொல்லணும்ல.

...

சரி. எங்க விட்டோம். பதினொண்ணு முடிஞ்சுது... ம்... நிழல் காலையில நீளமா இருக்கு, மத்தியானம் குட்டையா இருக்கு, ஏன்... ம்... சூரியன் தலைக்கு மேல... ம், கரெக்ட்... இரு, இரு, இது எத்தனாவது கேள்வி? பதிமூணா? ... பன்னெண்டு எங்க? ... தெரியுமா? தெரிஞ்சா என்ன, மத்ததும்தான் தெரியும், எல்லாம் படிச்சல்ல. அதையும் படி... ஈஸியா இருந்தாலும் படி... வாண்டு?

...

என்ன ஆச்சு? ... கிழிஞ்சிருக்கா? அந்த ஒரு கேள்வி மட்டும் எப்படிக் கிழியும்? ... சரி, கிழிஞ்ச வரைக்கும் படி.

... ம்... குடும்பத்தில் ஒருவருக்கு... இருமல் மூலம் பரவும் நோய் உள்ளது... மற்றவர்களைப் பாதுகாக்க மூன்று வழிகளை எழுதுக.

...

ம்.

இல்ல, இருக்கேன். லைன்லதான் இருக்கேன்... வகுப்புத் தேர்வுலயும் வந்துச்சா இது? என்ன எழுதின? ... ஒண்ணும் எழுதலயா? தெரியாமலா? ... தெரிஞ்சும் எழுதல... டீச்சர் கேக்கலயா? ... மறந்துட்டேன்னு சொன்னியா. ம்... மூணு மார்க் போச்சு. அம்மா திட்டினாளா? ... காரணம் அவளுக்கும் சொல்லல.

எனக்குச் சொல்லலாம்ல? ... அழாத... சரி, அழுதுட்டுச் சொல்லு. நான் இருக்கேன்.

...

ம்... புத்தகத்துல அப்படியா போட்டிருக்கு? ... "நோயாளியை மற்றவர்களிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும்." ம்... அத எழுதினா... எழுதினா நீயே அப்பாவ வெலக்கி வெச்ச மாதிரி... ஏ கண்ணு. இங்க கேளு. பென்சில கீழ வை, கேளு. என்ன இங்க கொண்டுவந்து வெச்சது நீ இல்ல. டாக்டர் சொன்னார், நான் சரின்னேன். நான்தான் பைய எடுத்துக்கிட்டு வந்து வண்டியில ஏறினேன். யாரும் தள்ளிவிடல... ஆமா, எனக்கும் புடிக்கலதான். யாருக்குப் புடிக்கும். ஆனா நான் இருமின காத்து உன் மூக்குல ஏறினா? அன்னிக்கு நீ தூக்கத்துல என் தோள்ல சாஞ்சு படுத்திருந்த. நான் பாத்ரூம்ல போய் இருமினேன். துப்புனதுல ரத்தம். அப்புறம் வந்து உன் பக்கத்துல படுக்கவே எனக்குப் பயம். விடியிற வரைக்கும் சமையல்கட்டுல உக்காந்திருந்தேன். அந்தக் கேள்விக்கு நான் அன்னிக்கே பதில் எழுதிட்டேன்டா. நீ தாள்ல எழுதணும், அவ்வளவுதான்.

... ம்... மொத ரெண்டு ஈஸியா? சொல்லு... இருமும்போது வாய மூடணும். ம்... ஜன்னல தொறந்து காத்து வர விடணும். ம். மூணாவது நீயா எழுது. நான் சொல்லித் தர மாட்டேன்.

...

என்ன கேக்குற? ... ஆமா, மருந்து வேலை செஞ்சா கிருமி போயிடும். போனப்புறம் யாருக்கும் ஒட்டாது... ஆமா, வீட்டுக்கு வரலாம்... ஆமா, டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுத்தான் அனுப்புவாங்க... பண்ணிட்டாங்க... ம்... ரிசல்ட்டா...

வந்துடுச்சு. காலையிலயே வந்துடுச்சு.

...

பரீட்சை முடிஞ்சப்புறம் சொல்லலாம்னு நெனைச்சேன். நீயா கேட்டுட்ட, பொய் சொல்ல வரல... இன்னும் இருக்காம். கொறைஞ்சிருக்கு, ஆனா இருக்கு. மருந்துல ஒண்ண மாத்துறாங்க... வெள்ளிக்கிழமை இல்லடா... அடுத்த வெள்ளிக்கிழமையும் இல்ல. நாலு வாரம். அதுக்கப்புறம் திரும்ப டெஸ்ட் பண்ணுவாங்க... தெரியும். தெரியும்மா, சொன்னேன்தான்... நான் சொன்னது டாக்டர் எனக்குச் சொன்னத... இல்ல, ஏமாத்தல...

வாண்டு? ... வாண்டு, பேசு... திட்டணும்னாலும் திட்டு.

...

ஹலோ.

... போன வெச்சிட்டுப் போயிட்டியா?

...

கட் ஆகல. மேஜை மேல வெச்சிட்டுப் போயிருக்கா... ம். ஃப்ரிட்ஜ் சத்தம் கேக்குது. கம்ப்ரசர் ஓடுது. மூணு செத்த ஃப்ரிட்ஜ்ல இருந்து சேத்துக் கட்டினது, இன்னும் ஓடுது பாரு... நிக்கும்போது ஒரு உதறு உதறுது. பின்கால் ஒண்ணு தூக்கிட்டு நிக்குது. ஒரு அட்டைய மடிச்சு வெச்சா போதும், யாரு வெப்பா.

நாலு வாரம்னு அந்த டாக்டர் சொன்னப்போ சரிங்க சார்னேன். நாலு நிமிஷம்னு சொன்ன மாதிரி தலைய ஆட்டினேன். அவர் கதவச் சாத்திட்டுப் போனதும் என்ன பண்றதுன்னு தெரியல. கட்டில நகத்திப் போட்டேன். திரும்பப் பழைய இடத்துக்கே நகத்தினேன். மேல சுவத்துல ஒரு ஃபேன் ஓடுது, எதோ ஒரு திருகு லூசு, டக்கு டக்குன்னு அடிச்சுக்குது. ஏணி கொடுங்க நானே சரி பண்றேன்னேன். நோயாளி ஏணி ஏறக் கூடாதாம். இப்போ அதுகூடத்தான் பேசிட்டு இருக்கேன். அது டக்குங்குது, நான் ம்ங்கறேன். ஞாயித்துக்கிழமை நீயும் அம்மாவும் கீழ வந்து நின்னீங்களே, நாலு மாடி கீழ, கட்டை விரல் அளவு தெரிஞ்சீங்க. அம்மா கைய ஆட்டுனா. நீ எந்த ஜன்னல்னு தெரியாம பக்கத்து ஜன்னலப் பாத்து ஆட்டின. நான் தட்டுனேன். கண்ணாடிதான அது, கீழ எங்க கேக்கும். பயமா இருக்குடா. மருந்து மாத்தியும் கேக்கலன்னா...

...

யாரது? ... வாண்டு? நீ அங்கயேதான் இருக்கியா? ... எப்ப இருந்து? ... மேஜைக்கு அடியிலயா. முழுசா கேட்டியா? ... ஃபேன் கதையும் கேட்டியா. ம்... சரி, பெரியவங்க சில நேரம் அப்படித்தான் ஒளறுவாங்க... பயம் இருக்குதுதான். கொஞ்சம்... உனக்கும் இருக்கா? எப்போ? ... மணி அடிச்சுட்டு யாரும் பேசாம நின்னா... கதவத் தொறக்காத, அவ்வளவுதான். ஓட்டை வழியா பாரு, தெரியாத ஆளுன்னா சத்தம் போடாம எனக்குக் கூப்பிடு. நான் லைன்லயே இருப்பேன்.

என்ன பண்ணிட்டு இருந்த அடியில? ... எழுதினியா? ... படி. பொறுமையா படி.

ம்... இருமும்போது கைக்குட்டையால் வாயை மூட வேண்டும்... ம்... கதவு ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும்... ம்... நோயாளி... மருந்து வேலை செய்யும் வரை... தனி அறையில் இருக்க வேண்டும்.

...

ம். சரியா இருக்கு. மூணு மார்க்... இல்ல, அழல. சளி... நாலாவதா? மூணுதான கேட்டிருக்காங்க. படி... "அவருக்குத் தினமும் போன் செய்ய வேண்டும்."

...

அதுக்கு மார்க் போட மாட்டாங்கடா... தெரிஞ்சேதான் எழுதினியா. நாளைக்குப் பரீட்சைத் தாள்லயும் எழுதப் போறியா? ... எழுது. எழுதினா ஒண்ணும் கொறைக்க மாட்டாங்க.

சரி, இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு, பதினாலு... என்ன சத்தம்? மணி அடிக்குதா? ... ஓட்டை வழியா பாத்துட்டு வா. போன எடுத்துக்கிட்டே போ... யாரு? ... அம்மாவா? இவ்வளவு சீக்கிரமாவா? நாளைக்கு உனக்குப் பரீட்சைன்னு வேலையில கேட்டுட்டு வந்துட்டா போல. சரி, நல்லது. கதவத் தொறந்து போன அம்மாகிட்ட கொடு. அவளுக்கு இன்னும் தெரியாது, நான் சொல்லிடறேன்...

ஏன்? ... நீ சொல்றியா? வேணாம்மா. அது நீ சொல்ற விஷயம் இல்ல. நான்தான் சொல்லணும்... என்ன? ... போர்வையெல்லாம் தொவச்சுப் போட்டிருக்காளா... வெள்ளிக்கிழமைக்கு லீவும் சொல்லிட்டாளா... ம்... அதனாலதான் சொல்றேன், நானே...

... என்னது? ... நான் போன்ல சொன்னா பரவால்லங்க, பரவால்லங்கன்னுதான் சொல்லுவா... ம்... சொல்லிட்டு, வெச்சப்புறம் பாத்ரூம்ல குழாயத் தொறந்து விட்டுட்டு... நீ பாத்தியா? ... கேட்டியா. எத்தன தடவ?

...

நீ சொன்னா? ... உன்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுவாளா.

...

வாண்டு... இரு. ரெண்டாவது தடவ மணி அடிக்கறா, கேக்குது, இருந்தாலும் ஒரு நிமிஷம் இரு. நான் அவகிட்ட... நீ இன்னும் சின்னப் பொண்ணுடா... இல்ல, மாட்டேன்னு சொல்லல... தாழ்ப்பாளத் தொறக்கறியா? சரி, தொற, ஆனா போன கட் பண்ணாத. ஓரமா வை. நான் பேச மாட்டேன், சும்மா கேட்டுக்கிட்டு... வாண்டு? கட் பண்ணிட்டியா?

ஹலோ.

ஹலோ...